பின் சீட்டுக்காரி

மோட்டார் சைக்கிள் வாங்கியவன் அதில் ஏறிக்கொண்டு வருவான். ரெங்கசாமி தள்ளிக்கொண்டு வந்தான்.

ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீடுகளில் அன்றைக்குப் பார்த்து எல்லாரும் வாசலில்தான் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் தப்பு அடிக்கவில்லை, கொழுந்து பறிப்பு இல்லை, அதிசயமாக மழையும் இல்லை. லயத்துக்கே முதல் மோட்டார் சைக்கிள், அதுவும் பெரிய கிளாக்கர் ஐயா ஓட்டிய வண்டி, மூச்சிரைக்கத் தள்ளப்பட்டு ஏற்றத்தில் வந்தால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்?

"என்னப்பா ரெங்கசாமி, அது ஒன்ன செமக்குமுன்னு பாத்தா, நீ அத செமந்துக்கிட்டு வார?" என்று ஒருவன் கேட்க, லயம் முழுக்கச் சிரித்தது.

ரெங்கசாமியும் சிரித்து வைத்தான். உள்ளுக்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாரியாயியின் தோடும் மூக்குத்தியும் அவன் இரண்டு வருஷம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணமும் சேர்ந்துதான் இந்த இரும்பு. பவுசு காட்ட வாங்கியதில்லை. மொனராகலைப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது மாரியாயிக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே போயிற்று. பஸ் வரவில்லை, லொறி வரவில்லை. நாலு பேர் அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பாதி வழியில் பிள்ளையின் அசைவு நின்றுவிட்டது. பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கவேண்டும் என்பதற்காகவே அவன் ஸ்பிரிங்வெளிப் பக்கம் இந்தத் தோட்டத்துக்கு வேலை மாறி வந்தான். கிட்ட என்றால் ஒன்பது மைல். இப்போது மாரியாயிக்கு ஆறு மாசம். இந்தத் தடவை யார் காலிலும் விழுந்து வாகனம் கேட்பதில்லை என்று சத்தியம் பண்ணியிருந்தான்.

வண்டியை விற்ற சிதம்பரநாதன், பெரிய கிளாக்கர், வேலையை விட்டு யாழ்ப்பாணத்துக்குப் போகிறவர். விற்கும்போது சொன்னார்: "ஒண்டு ரெண்டு சின்னக் கோளாறு இருக்கு. பெரிசா ஒண்டுமில்லை. பின்னுக்கு ஒரு நாளும் ஆரையும் ஏத்தினதில்லை, தெரியுமோ? சீட்டைப் பார். கடையிலயிருந்து வந்த மாதிரி."

உண்மைதான். பின் சீட்டின் தோல் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தது. ரெங்கசாமி அதைத் தடவிப் பார்த்துப் பூரித்துப்போனான். மாரியாயி உட்காரப்போகும் இடம் அல்லவா?

கிளாக்கர் பங்களாவிலிருந்து பெக்டரி வரைக்கும் வண்டி சிங்கமாக ஓடியது. அதற்கு மேலே, லயத்துக்கு ஏறும் வழியில், மதகு முடக்கு என்கிற வளைவில் இஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. எத்தனை உதை உதைத்தும் திரும்பப் பிடிக்கவில்லை. தள்ளத் தொடங்கியபோது இன்னொன்றையும் கவனித்தான். வண்டி முன்னைவிடக் கனத்தது.

ஏற்றம், கனக்கத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ரெங்கசாமி பெக்டரியில் கொழுந்து உருட்டுகிற ரோலர் மெஷின் பார்க்கிறவன். சத்தத்தை வைத்தே எந்த பெல்ட் அறுபடப்போகிறது என்று சொல்லிவிடுவான். காரணம் இல்லாமல் ஒரு இரும்பு மக்கர் பண்ணாது என்பது அவன் கொள்கை. சாமியைவிட அவன் அதைத்தான் அதிகம் நம்பினான். வாசலில் சாக்கு விரித்து வண்டியைப் பிரித்தான். பெட்ரோல் குழாயில் துரு அடைத்திருந்தது. "பாத்தியா? இவ்வளவுதான்" என்று மாரியாயியிடம் துருவை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். அவள் சேலைத் தலைப்பால் அவன் நெற்றிக் கரியைத் துடைத்துவிட்டாள். அன்றைக்கு இரண்டு பேருக்கும் சந்தோஷம்தான்.

மறுநாள் அதே முடக்கில் இஞ்சின் நிற்கவில்லை. ஆனால் திணறியது. இரண்டாம் கியருக்கு இறக்க வேண்டி வந்தது. அப்புறம் கிளச் வழுக்கியது. அதைச் சரிபண்ணினால் சங்கிலி தொங்கியது. அதை இறுக்கினால் பின் டயர் காற்றுப்போய்க் கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது, ஒவ்வொன்றையும் அவன் கண்டுபிடித்தான். ஒன்று போனால் ஒன்று வந்தது.

கால் கம்பி விஷயம் மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை.

பின்னால் உட்காருகிறவர் கால் வைக்க இரண்டு பக்கமும் மடக்குக் கம்பி உண்டு. தினமும் சாயந்தரம் இரண்டையும் மேலே மடித்து வைப்பான். காலையில் வலப்பக்கக் கம்பி மடித்தபடியே இருக்கும். இடப்பக்கக் கம்பி மட்டும் கீழே இறங்கியிருக்கும். வாஷர் போட்டு இறுக்கினான், இறங்கியது. கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டினான். காலையில் கட்டுக்கம்பி அறுந்து கிடக்கவில்லை. முறுக்கு அவிழ்ந்து, நேராக, சாக்கின் மேல் கிடந்தது.

பின் சீட்டு ஈரமாக இருந்தது. கூரைக்குக் கீழே, மழை படாத இடத்தில். பழந்துணியால் துடைத்தான். துணியில் செங்காவியாக ஏதோ ஒட்டியது. தகரத்துத் துரு சொட்டியிருக்கும் என்று அண்ணாந்து பார்த்தான். தகரத்தில் ஓட்டை இல்லை.

மழையில் நனைந்த கம்பளி வாசம் அடித்தது.

சனிக்கிழமை வண்டியைப் பதுளைக்குக் கொண்டுபோனான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின் சந்தில் மொஹிதீன் நானாவின் கராஜ். எழுபத்து நாலாம் வருஷம் அது. மாவுக்கு வரிசை, பாண் ரொட்டிக்கு வரிசை, கப்பலில் ஒரு நட்டுகூட வராத காலம். செத்த வண்டியின் குடலைப் பிடுங்கி உயிருள்ள வண்டிக்கு வைக்கிற வித்தை தெரிந்தவன்தான் மெக்கானிக். மொஹிதீன் அதில் மன்னன்.

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். பின் சக்கரத்துக்கு மேலே இருக்கிற இரண்டு ஸ்பிரிங்குகளையும் குனிந்து பார்த்தார். சீட்டைப் பார்த்தார். மறுபடியும் ஸ்பிரிங்கைப் பார்த்தார்.

"ரெங்கசாமி, கிளாக்கர் பின்னுக்கு ஆள் ஏத்தல்லண்டா சொன்ன?"

"ஆமா நானா. ஒருத்தரையும் ஏத்துனதே இல்லையாம்."

"சீட்டு அப்பிடித்தான் சொல்லுது. ஸ்பிரிங் வேற கத சொல்லுதே. ரெண்டும் செத்துப் போயிக்கி. வருஷக்கணக்கா ஒராள் எறங்காம குந்திக்கிட்டு இரிந்த மாதிரி." அவர் இடப்பக்கக் கம்பியைக் காலால் தட்டினார். "இதுவும் தேஞ்சி போயிக்கி. ஒரு பக்கம் மட்டும். பொம்புளயாள் குந்துற பக்கம்."

பிறகு மொஹிதீன் சிரித்துவிட்டு, தோதான ஸ்பிரிங் தேடி வைக்கிறேன், அடுத்த சனிக்கிழமை வா என்றார்.

அடுத்த நாள் ஞாயிறு. ரெங்கசாமி சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது கீழ் லயத்து அழகையா வந்து தள்ளி நின்றான். மலைக்காவல் பார்க்கிறவன். அதிகம் பேசாதவன். வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு மண்ணில் குந்தினான்.

"தம்பி, இதுக்கு என்னா கோளாறு?"

"பெருசா ஒண்ணுமில்லண்ணே. மதகு முடக்குல கொஞ்சம் தெணறுது."

அழகையா தலையை ஆட்டினான். "எம் பொஞ்சாதி பூவாயி செத்தது அங்கதான்."

ரெங்கசாமி எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான்.

"அஞ்சு வருசமாச்சு, நீ இங்க வாரதுக்கு முந்தி. வலி எடுத்திருச்சு. லொறி பெக்டரியில நிக்கும், அங்க போயிட்டா ஏறிக்கலாமுன்னு மழைக்கு கம்பளிய போத்தி நடத்தி கூட்டிட்டு வந்தேன். மதகுகிட்ட அவளால முடியல. அந்நேரம் கிளாக்கரு இந்த வண்டியில வந்தாரு. புதுசா வாங்குன மொத கெழம. கால்ல விழுந்தேன் தம்பி. பின்னால ஏத்திக்கிட்டு போங்க சாமின்னேன். அவ சீட்ட புடிச்சுக்கிட்டு, இந்தா, இந்தக் கம்பியில காலகூட தூக்கி வச்சுட்டா."

"அப்புறம்?"

"சீட்டுல கறபடுமுன்னாரு. லயத்து ஆளுங்கள ஏத்திப் பழக்குனா நாளைக்கு எல்லாரும் கை காட்டுவாங்கன்னாரு. லொறிய அனுப்புறேன்னு சொல்லிட்டு வண்டிய கெளப்பிட்டாரு. அவ கைய விடல. பத்தடி தூரம் இழுத்துக்கிட்டே போனா." அழகையா மூக்கைச் சிந்தினான். "லொறி வரல. அவரு சொல்லவே இல்லையாம். மறந்துட்டாராம். வயித்துல இருந்தது வயித்தோட போச்சு. புள்ள மொகத்தகூட பாக்காம போனா."

அந்தக் கிளாக்கரின் கையில் தோட்டையும் மூக்குத்தியையும் தானே கொண்டுபோய்க் கொடுத்ததை நினைத்தால் தன் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

"நீ ஒண்ணும் செலவு பண்ண வேணாம். டவுனுக்கு போறப்ப ஆஸ்பத்திரி வாசல்ல வண்டிய நிப்பாட்டு. 'வந்துட்டோம், எறங்கும்மா'ன்னு ஒரு வார்த்த சொல்லு. கிளாக்கருகிட்ட கேக்க எனக்கு வாய் வரல. நீ நம்மாளு."

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஸ்பிரிங்கு செத்துப் போச்சு. அதான் வண்டி அமுங்குது. வேற ஒண்ணுமில்ல."

அழகையா எழுந்து வேட்டியைத் தட்டினான். "ஏறி உக்காந்துட்டா தம்பி. எறங்கத்தான் சொல்லணும்."

உள்ளே இருந்து மாரியாயி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். ராத்திரி சோறு போடும்போது, "ஒரு வார்த்ததானே? சொல்லிருங்க. புள்ளத்தாச்சி பாவம் நமக்கு வேணாம்" என்றாள். அவள் கேட்டால் அவன் மறுக்கிறவன் இல்லை. சரி என்றான்.

அடுத்த சனிக்கிழமை மொஹிதீன் இரண்டு ஸ்பிரிங்குகளை வெட்டி, தட்டி, திருத்தி வைத்திருந்தார். ஏதோ ஒரு பழைய லொறியின் வயிற்றிலிருந்து எடுத்தது. பூட்டி முடித்ததும் அவரே பின்னால் ஏறி உட்கார்ந்தார். மூன்று மூட்டை அரிசி கனம் இருக்கும் அவருக்கு. வண்டி ஒரு விரற்கடைகூட அமுங்கவில்லை.

"இனி ஆள் ஏறினாலும் ஒண்டுதான், எறங்கினாலும் ஒண்டுதான். ஒனக்கு வித்தியாசமே தெரியாது" என்று பெருமையாகச் சொன்னார்.

கராஜிலிருந்து ஆஸ்பத்திரி அரை மைல். ரெங்கசாமி போகத்தான் செய்தான். வாசலில் வண்டியை நிறுத்தவும் செய்தான். நோயாளி பார்க்கும் நேரம். தோடம்பழம் விற்கிறவர்களும் சாப்பாட்டுக் கூடைக்காரர்களுமாக நல்ல கூட்டம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு பின்னால் திரும்பினான். சரியாக அந்த நேரம் பார்த்து, பெக்டரியில் அவனுக்கு மேலதிகாரியான டீமேக்கர் ஐயா வெள்ளைக் கால்சட்டையோடு எதிரே வந்து நின்றார்.

"என்ன ரெங்கசாமி, யாருக்குச் சொகமில்ல?"

"யாருக்கும் இல்லைங்க. சும்மா வந்தேங்க."

"சும்மாவா? ஆஸ்பத்திரிக்கா?" ஐயா வெறும் பின் சீட்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

நாளைக்கு பெக்டரி முழுக்கக் கதை பரவும். ரெங்கசாமி மோட்டார் சைக்கிள் வாங்கினதும் புத்தி பேதலித்து வெறும் சீட்டோடு பேசுகிறானாம். வெட்கம் அவன் நாக்கைப் பிடித்து இழுத்தது. ஒரு வார்த்தை. அதைச் சொல்ல முடியாமல், வண்டியை உதைத்துத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான்.

திருப்பும்போது முதுகுப் பக்கம் சட்டை எதிலோ மாட்டி இழுபட்டது. அவன் பார்க்கவில்லை.

மதகு முடக்கில் வண்டி வெண்ணெயாக ஏறியது. திணறல் இல்லை, அமுக்கம் இல்லை. புது ஸ்பிரிங்கை மெச்சிக்கொண்டே வீட்டுக்கு வந்தான். இடப்பக்கக் கம்பி அதற்குப் பிறகும் காலையில் இறங்கித்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், மாரியாயி கால் வைக்கத்தானே என்று ஒரு போல்ட்டைப் போட்டுக் கீழேயே இறுக்கிவிட்டான்.

"எறக்கி விட்டீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"விட்டுட்டேன்" என்றான்.

அவள் டவுன் பக்கமாகப் பார்த்துக் கும்பிட்டு, "எந்தக் கொறையும் இல்லாம போயி சேருங்க தாயி" என்றாள். அந்தப் பொய் அவனை உறுத்தத்தான் செய்தது. ஆனால் வண்டி நன்றாக ஓடியது. நன்றாக ஓடுகிற வண்டி எந்த உறுத்தலையும் மறக்கடித்துவிடும்.

ஒன்பதாம் மாசம் ஒரு புதன்கிழமை. பகல் மூன்று மணிக்கு மலை இறங்கிப் பனி வந்து லயத்தை மூடியது. முன் வீட்டுக் கதவு தெரியவில்லை. மாரியாயி அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தோட்டத்து மருத்துவச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"புள்ள குறுக்க கெடக்கு. இங்க வச்சு ஆகாது. பெரியாஸ்பத்திரிக்கு கொண்டு போங்க."

லொறி தேயிலைப் பெட்டியோடு பண்டாரவளைக்குப் போயிருந்தது. திரும்ப ஆறு மணி ஆகும்.

ரெங்கசாமி பதறவில்லை. இந்த நாளுக்காகத்தானே இவ்வளவும்? ஒரே உதையில் இஞ்சின் பிடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாரியாயியைக் கம்பளியால் சுற்றி, பெண்கள் தாங்கிக்கொண்டு வந்தார்கள். அவள் இடப்பக்கமாகச் சீட்டில் சாய்ந்தாள். உடனே இறங்கிவிட்டாள்.

அவன் காதுக்குப் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

"எடமில்லங்க."

"என்னாது?"

"அவங்கள கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க."

ரெங்கசாமி திரும்பிப் பார்த்தான். பின் சீட்டு வெறுமையாக இருந்தது. தோல் ஈரத்தில் பளபளத்தது.

இப்போதாவது அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அழகையாவைக் கூப்பிட்டிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையை இங்கேயே, எல்லார் முன்னாலும் கத்தியிருக்கலாம். ஆனால் சொன்னால் அவள் ஏறமாட்டாள். ஏறாவிட்டால் பிள்ளை போய்விடும். அவனுக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

"யாருமில்ல புள்ள. அவங்கதான் அன்னைக்கே எறங்கிட்டாங்களே? சீட்டு ஈரம், அதான் அப்பிடி இருக்கு. ஏறு."

அவள் அவனை நம்பினாள். ஏறினாள். விளிம்பில், பாதி உடம்பு வெளியே தொங்கத்தான் உட்கார முடிந்தது அவளால். இரண்டு கைகளையும் அவன் இடுப்பைச் சுற்றிக் கோத்தாள்.

வண்டி பனிக்குள் இறங்கியது.

பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் தேயிலை, அதன் பின்னால் வெள்ளை. மழை தூறத் தொடங்கியது. அவன் ஓயாமல் பேசிக்கொண்டே போனான். "பயப்படாத. இந்தா பெக்டரி வந்திரும். கெட்டியா புடிச்சுக்க." அவள் முனகலும் மூச்சும் அவன் முதுகில் சூடாக விழுந்தன.

மதகு முடக்கில் தண்ணீர் அரித்த பள்ளம் ஒன்று இருந்தது. சக்கரம் அதில் இறங்கி ஏறியது. புது ஸ்பிரிங் அசையவில்லை. வண்டி அதே வேகத்தில் போயிற்று.

பின்னால் ஏதோ கத்தினது போலிருந்தது. இஞ்சின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

"மாரியாயி?"

இடுப்பைச் சுற்றிய கைகள் இறுகின.

அவன் நிம்மதியாக மூச்சு விட்டான்.

அதற்குப் பிறகு அவள் முனகவில்லை. வலி குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். "வலிக்குதா?" என்று கேட்டான். முதுகில் சாய்ந்திருந்த தலை இல்லை என்று அசைந்தது. "ஆம்பளப் புள்ளயா பொறந்தா ஒங்கப்பா பேரு வச்சிருவோம்" என்றான். கைகள் இன்னும் இறுகின. மழை பலத்தது. முதுகு சில்லிட்டுக்கொண்டே வந்தது. சட்டை நனைந்தால் குளிரத்தானே செய்யும்? நனைந்த கம்பளி வாசம் மூக்கை அடைத்தது. அவள் கம்பளி போர்த்தித்தானே இருக்கிறாள்?

ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. ஒவ்வொன்றையும் அவன் கண்டுபிடித்தான்.

பதுளை டவுன் வெளிச்சமாக இருந்தது; அங்கே பனி இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி, "புள்ளப்பேறு, புள்ளப்பேறு" என்று அலறினான். அட்டெண்டன் ஒருவர் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"வந்துட்டோம். எறங்கும்மா" என்றான் ரெங்கசாமி.

வாயிலிருந்து வந்த பிறகுதான் அவனுக்கே கேட்டது. மாரியாயியை அவன் ஒரு நாளும் 'அம்மா' போட்டுக் கூப்பிட்டதில்லை.

இடுப்பிலிருந்து கைகள் விலகின. மெதுவாக, ஒவ்வொரு விரலாக.

"ஆள் எங்க?" என்று அட்டெண்டன் கேட்டார்.

அவன் திரும்பினான். சீட்டில் யாரும் இல்லை. ஆஸ்பத்திரிப் படிக்கட்டின் சிமெண்டில் ஈரக் கால்தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. வெறுங்கால். பிரசவ வார்ட்டுக்குப் போகிற பக்கம் திரும்பி, உள்ளே போயின.

"எம் பொஞ்சாதி எங்க?"

"தனியாத்தானே வந்த?" என்றார் அட்டெண்டன்.

எப்படித் திரும்பி ஓட்டினான் என்று அவனுக்கு நினைவில்லை. மதகு முடக்கில் ஆட்கள் கூடியிருந்தார்கள். ரோட்டுக்குக் கீழே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே மாரியாயி கிடந்தாள். அழகையா பக்கத்தில் உட்கார்ந்து தன் கம்பளியால் அவளை மூடியிருந்தான். அவன்தான் முதலில் கேட்டு ஓடி வந்தவன்.

"நிப்பாட்டு நிப்பாட்டுன்னு கத்துச்சு தம்பி, மலை பூரா கேட்டுச்சு" என்றான். "நீ திரும்பியே பாக்கலையே."

ரெங்கசாமி கம்பளியை விலக்கினான். அவளுக்கு மூச்சு இல்லை. வயிறு தணிந்து கிடந்தது. தொப்புள்கொடி அறுந்திருந்தது.

பிள்ளை இல்லை.

மூன்று நாள் செடிச்செடியாகத் தேடினார்கள். போலீஸ் வந்தது, எழுதிக்கொண்டு போனது. நரி தூக்கியிருக்கும் என்றார்கள். ஒரு துணுக்குத் துணியோ ஒரு சொட்டு ரத்தமோ அந்த இடத்துக்கு அப்பால் எங்கும் கிடைக்கவில்லை.

வண்டியை யாரும் வாங்கவில்லை. பழைய இரும்புக்குக்கூட வேண்டாம் என்று மொஹிதீன் கையெடுத்துக் கும்பிட்டார். ரெங்கசாமிக்கும் அதை விட்டுவிட மனமில்லை. மாரியாயி கடைசியாகத் தொட்டது அதைத்தான். ஞாயிறுதோறும் அதில் ஏறி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவான். பார்க்கிறவர்கள் சிரித்தாலும் அழுதாலும் அவனுக்கு இப்போது ஒன்றுதான். வாசலில் நின்று, "எம் பொண்டாட்டியையும் புள்ளையையும் குடுத்துரும்மா" என்று சத்தமாகக் கேட்பான். கேட்டுவிட்டுத் திரும்பி வருவான். பின்னால் ஒரு கனமும் இருக்காது.

நாற்பது நாள் கழிந்த ஞாயிறு. பட்டப்பகல், நல்ல வெயில். கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பினான். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளை பெற்றவர்கள் வீட்டுக்குப் போகிற நேரம். வாசல் முழுக்கத் துணிப் பொதியும் கையுமாகப் பெண்கள்.

பின்னால் யாரோ ஏறி உட்கார்ந்தார்கள்.

இடுப்பை ஒரு கை சுற்றியது. ஒரு கை மட்டும். இன்னொரு கையில் ஏதோ இருந்தது.

ரெங்கசாமி திரும்பவில்லை, திரும்பினால் போய்விடுமோ என்று பயம். அவனுக்குள் இத்தனை நாளும் செத்துக்கிடந்த ஏதோ ஒன்று எழுந்து நின்றது. அவள்தான். வந்துவிட்டாள். மெதுவாக, பள்ளத்தைப் பார்த்துப் பார்த்து, ஒன்பது மைலையும் ஓட்டினான். பெக்டரியைத் தாண்டி ஏற்றத்தில் ஏறினான். மதகு முடக்கு வந்ததும் இஞ்சின் தானாக நின்றது.

அந்த அமைதியில், அவன் முதுகுக்குப் பின்னால், ஒரு பச்சைப் பிள்ளை அழுதது.

"மாரியாயி, நம்ம புள்ளையா?" என்றான்.

தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. "அழுவாத சாமி, வீட்டுக்கு வந்துட்டோம்" என்று ஒருத்தி பிள்ளையைத் தேற்றினாள்.

அந்தக் குரலை அவன் அதற்கு முன்னால் ஒரு நாளும் கேட்டதில்லை.